போன புயலின் வினாத்தாள்

2024 ஜூலை 7, ஞாயிற்றுக்கிழமை இரவு. ஹூஸ்டனுக்கு மேற்கே எங்கள் வீட்டு ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. பெரில் புயல் விடிவதற்குள் கரையேறிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கோடைக்குக் கடலூரிலிருந்து வந்திருந்த அப்பா, திரையில் இருந்த வரைபடத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏம்பா, இங்க கரண்ட்டு போனா எத்தினி நாள்ல வரும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாளா? இது கேட்டகரி ஒண்ணுதான்ப்பா. இருக்கறதுலயே சின்னது. ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம் போகும், வந்துடும். இது அமெரிக்கா."

அப்பா பதில் சொல்லவில்லை. எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்து தன்னுடைய இன்சுலின் பேனாக்களை எண்ணிப் பார்த்தார்.

காலை நாலு மணி வாக்கில் மடகோர்டா என்ற கடலோர ஊருக்கு அருகே பெரில் கரையேறியது. ஆறு மணிக்கு எங்கள் தெருவில் கரண்ட் போனது. திரும்பி வந்தது ஆறாம் நாள் மாலை.

ஹூஸ்டன் வட்டாரத்தில் மட்டும் 22 லட்சம் மின் இணைப்புகள் செத்துப் போயிருந்தன. எங்கே கரண்ட் இருக்கிறது, எங்கே இல்லை என்று காட்ட வேண்டிய மின் நிறுவனத்தின் வரைபடமும் அப்போது இயங்கவில்லை. ஊர் மக்கள் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். வாட்டாபர்கர் என்ற பர்கர் கடைக்கு டெக்சாஸ் முழுக்கக் கிளைகள் உண்டு. அதன் ஆப்பில் எந்தக் கிளை திறந்திருக்கிறது என்று தெரியும். கடை திறந்திருந்தால் அந்தப் பகுதியில் கரண்ட் இருக்கிறது என்று அர்த்தம். நானும் அதைப் பார்த்துத்தான் ஐஸ் வாங்கப் போனேன். ஐஸ் பெட்டியில் இன்சுலினைப் போட்டு வைத்தோம். வெளியே ஜூலை வெயில். வீட்டுக்குள் காற்றே இல்லை. மூன்றாம் நாள் அப்பாவுக்குத் தலைசுற்றல் வந்தது. காரில் ஏசியைப் போட்டு ஆஸ்டினில் இருக்கும் நண்பன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த வாரம் ஹூஸ்டனில் வெப்பத்தால் செத்தவர்கள் உண்டு, ஜெனரேட்டர் புகையில் மூச்சடைத்துச் செத்தவர்களும் உண்டு. புயல் போன பிறகு, வெயில் அடிக்கும்போது.

சாஃப்ட்வேர் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. சர்வர் விழுந்து எழுந்த பிறகு உட்கார்ந்து போஸ்ட்மார்ட்டம் எழுதுவோம். எது உடைந்தது என்பதைவிட, உடையாது என்று நாம் ஏன் நம்பினோம் என்பதுதான் அதில் முக்கியமான கேள்வி. ஆஸ்டின் போகும் வழியில் அதைத்தான் என்னிடமே கேட்டுக்கொண்டு போனேன். பதில் கிடைக்க நேரமாகவில்லை. 2017-ல் ஹார்வி வந்தபோது நான் இந்த ஊருக்குப் புதுசு. ஹார்வி வெள்ளப் புயல். அதிலிருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: மழை அளவைப் பார், உன் தெருவில் தண்ணீர் ஏறுமா பார். பெரிலுக்கும் அதையே பார்த்தேன். தண்ணீர் ஏறாது என்று தெரிந்தது. நிம்மதியாகத் தூங்கிவிட்டேன்.

பொறியியல் படித்தவர்களுக்கு இந்த நோய் புதிதில்லை. தேர்வுக்கு முந்தின ராத்திரி புத்தகத்தைத் திறப்பவர்கள் குறைவு. கடைசி ஐந்து வருட வினாத்தாள்களை வைத்துக்கொண்டு ஒப்பேற்றுவோம். பெரும்பாலும் அது காப்பாற்றும். காப்பாற்றாத வருடம் மொத்த வகுப்பும் அரியர் வைக்கும். நான் செய்ததும் அதுதான். பிறகு இந்தக் கடற்கரையின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தபோது, நூற்றைம்பது வருடமாக எல்லோருமே இங்கே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

கால்வெஸ்டன்

ஹூஸ்டனிலிருந்து ஐம்பது மைல் தெற்கே, மெக்சிகோ வளைகுடாவில் நீளவாக்கில் படுத்திருக்கும் மணல் தீவு கால்வெஸ்டன். 1900-ல் அங்கே சுமார் 38,000 பேர் இருந்தார்கள். பருத்தி ஏற்றுமதியில் கொழித்த துறைமுகம். நகரத்தின் மிக உயரமான இடமே கடல் மட்டத்திலிருந்து ஒன்பது அடிக்கும் குறைவு.

அந்த ஊருக்கு எச்சரிக்கை வராமல் இல்லை. அதே கரையில் நூறு மைலுக்குச் சற்று அப்பால் இண்டியனோலா என்று ஒரு துறைமுகம் இருந்தது. 1875-ல் வந்த புயல் அதை அடித்து நொறுக்கியது. மிச்சம் இருந்தவர்கள் மறுபடி கட்டினார்கள். 1886-ல் இன்னொரு புயல் வந்தது. அதன் பிறகு யாரும் கட்டவில்லை, ஊரே போய்விட்டது. கால்வெஸ்டன் வணிகர்கள் பதறிப்போய்க் கடல் சுவர் எழுப்பலாம் என்று பேசினார்கள். பேச்சு ஆறிப்போனது.

ஆறவைத்த காரணங்களில் ஒன்று 1891-ல் உள்ளூர் நாளிதழில் வந்த கட்டுரை. எழுதியவர் ஐசக் கிளைன், கால்வெஸ்டன் வானிலை அலுவலகத்தின் தலைவர். படித்தவர், உழைப்பாளி. கால்வெஸ்டனைப் புயல் பெரிதாகச் சேதப்படுத்தும் என்ற பயம் அபத்தமானது என்று அவர் எழுதினார். அதற்கு ஒரு தர்க்கமும் வைத்திருந்தார்: இங்கே கடலடி மெதுவாகச் சரிகிறது, ஆழமில்லாத அந்தப் பரப்பில் பெரிய அலைகள் வரும் வழியிலேயே உடைந்து வலுவிழந்துவிடும். கேட்டால் சரியென்றுதான் தோன்றும். உண்மை நேர் எதிர். புயல் தள்ளிக்கொண்டு வரும் தண்ணீருக்குக் கீழே போக ஆழம் இல்லாவிட்டால் அது மேலேதான் ஏறும். ஆழமில்லாத கடல்தான் புயல் ஏற்றத்துக்கு வசதி.

கண்ணால் பார்த்தவர்களின் எச்சரிக்கையும் இருந்தது. கியூபாவின் ஹவானாவில் பெலன் கல்லூரி வானாய்வகத்தில் பெனித்தோ வீன்யெஸ் என்ற ஏசு சபைப் பாதிரியார் 1870 முதல் வானத்தை அளந்துகொண்டிருந்தார். உயரத்து மேகங்கள் போகும் திசையை வைத்துப் புயலின் மையத்தைக் கணிக்கக் கற்றவர். 1875-லேயே புயல் முன்னறிவிப்பு வெளியிட்டார். 1893-ல் அவர் இறந்த பிறகும் அங்கே அந்தக் கலை தொடர்ந்தது. ஆனால் 1898 போருக்குப் பிறகு கியூபா அமெரிக்க ராணுவத்தின் பிடியில் இருந்தது. கியூபர்கள் தேவையில்லாமல் பீதி கிளப்புகிறார்கள் என்பது அமெரிக்க வானிலைத் துறையின் எண்ணம். 1900-ன் புயல் பருவத்திலேயே அவர்களுடைய வானிலைச் செய்திகள் அரசுத் தந்திக் கம்பிகளில் போகக்கூடாது என்று தடை போட்டார்கள்.

செப்டம்பர் முதல் வாரம் புயல் கியூபாவைக் கடந்தது. அது வலுவடைந்து வளைகுடாவுக்குள் மேற்கே போகிறது என்றார்கள் கியூபர்கள். ஃப்ளோரிடாவைத் தொட்டு அட்லாண்டிக் பக்கம் திரும்பிவிடும் என்று கணித்தது வாஷிங்டன். அதற்கு முன் பார்த்த புயல்கள் பல அப்படித் திரும்பியவை. பழைய வினாத்தாள்.

செப்டம்பர் 8, சனிக்கிழமை. பதினைந்து அடிக்கும் மேல் தண்ணீர் ஏறியது. தீவில் ஒதுங்க மேடே இல்லை. புனித மேரி அனாதை இல்லத்தில் கன்னியாஸ்திரிகள் குழந்தைகளைத் துணி காயப்போடும் கயிற்றால் தங்கள் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள். பத்து கன்னியாஸ்திரிகளும் தொண்ணூறு குழந்தைகளும் இறந்தார்கள். பிழைத்தவர்கள் மூன்று பையன்கள். மொத்தச் சாவு 6,000 முதல் 12,000 வரை சொல்லப்படுகிறது, 8,000 என்பது வழக்கமான கணக்கு. பிணங்களைப் படகில் கொண்டுபோய்க் கடலில் போட்டார்கள். அலை அவற்றைத் திருப்பிக் கொண்டுவந்து கரையில் போட்டது. அதன் பிறகு எரிக்க ஆரம்பித்தார்கள்.

கிளைனின் வீடு உறுதியானது என்று நம்பி ஐம்பது பேர்வரை அங்கே தஞ்சம் புகுந்திருந்தார்கள். அந்த வீடும் சரிந்தது. மூன்று மகள்களோடு அவர் பிழைத்தார். கர்ப்பிணியான மனைவி கோரா இறந்துபோனார். உடல் கிடைக்கச் சில வாரங்கள் ஆயின. அன்று காலை குதிரையில் கடற்கரை முழுக்கப் போய் மக்களை எச்சரித்ததாகக் கிளைன் பிற்பாடு எழுதினார். பின்னால் வந்த ஆய்வாளர்களில் சிலர் அதைச் சந்தேகிக்கிறார்கள். எனக்கு அந்த விவாதத்தைவிட அவருடைய வயதுதான் உறைத்தது. முப்பத்தெட்டு. கிட்டத்தட்ட என் வயது. வரைபடத்தைப் பார்த்துவிட்டு "ஒண்ணும் ஆகாது" என்று வீட்டாரிடம் சொல்லும் வயது. மிச்ச வாழ்க்கையில் பெரும்பகுதியை அவர் புயல் ஏற்றத்தை ஆராய்வதிலேயே கழித்தார். புயலில் ஆளைக் கொல்வது காற்றைவிடத் தண்ணீர்தான் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

சுவரும் மௌனமும்

அதன் பிறகு கால்வெஸ்டன் செய்ததை எந்தப் பொறியாளரும் எழுந்து நின்று வணங்க வேண்டும். மூன்று பொறியாளர்கள் கொண்ட குழு அமைத்தார்கள். அதில் ஒருவர் ஹென்றி மார்ட்டின் ராபர்ட், கூட்டம் நடத்தும் விதிகளைப் புத்தகமாக எழுதி அமெரிக்கா முழுக்க அறியப்பட்டவர். 17 அடி உயரம், மூன்று மைலுக்கும் மேல் நீளம் என்று கான்கிரீட் சுவரின் முதல் பகுதி 1904-ல் முடிந்தது. சுவர் மட்டும் போதாது, ஊரையே உயர்த்த வேண்டும் என்றார்கள். உயர்த்தினார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் கடல் மணலைக் குழம்பாகப் பாய்ச்சி நிரப்பினார்கள். 3,000 டன் எடையுள்ள புனித பேட்ரிக் தேவாலயம்கூட ஐந்தடி மேலே போனது. வேலை நடந்த வருடங்களில் மக்கள் உயரத்தில் போட்ட பலகைப் பாதைகளில் நடந்து கடைக்கும் பள்ளிக்கும் போனார்கள்.

1915-ல் அதே போல ஒரு பெரும் புயல் வந்தது. சுவர் தாங்கியது. நகரத்துக்குள் இறந்தவர்கள் ஒரு டஜனுக்குள்.

ஆக, மனிதர்கள் பாடமே கற்பதில்லை என்று சொல்லிவிட முடியாது. கேட்கப்பட்ட கேள்விக்கு அற்புதமாகப் பதில் எழுதுகிறோம். சுவர் கடலைத் தடுத்தது. வேறு கேள்வி கேட்டால்?

1943 ஜூலை 27-ஆம் தேதி அது நடந்தது. இரண்டாம் உலகப் போர். வளைகுடாவில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் திரிந்தன. கப்பல்கள் வானொலியைத் தொடக் கூடாது, வானிலைச் செய்திகளுக்குத் தணிக்கை. எதிரிக்குத் தகவல் போகக் கூடாது என்று மூடிவைத்ததில் சொந்த ஜனங்களுக்கும் போகவில்லை. ஹூஸ்டன், கால்வெஸ்டன் மக்களுக்குப் புயல் வந்துவிட்ட பிறகுதான் புயல் என்று தெரிந்தது. 19 பேர் இறந்தார்கள். 1900-ல் செருக்கு அடைத்த கம்பியை இந்த முறை ரகசியம் அடைத்தது.

அதே புயலில்தான் அதற்கு நேரெதிரான ஒன்றும் நடந்தது. டெக்சாஸின் பிரயன் விமானத் தளத்தில் கர்னல் ஜோசப் டக்வொர்த் கருவிகளை மட்டும் நம்பி விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். பயிற்சி விமானத்தைக் கேலி செய்தவர்களிடம் பந்தயம் போல ஒன்றைச் சொல்லிவிட்டு, ரால்ஃப் ஓஹேர் என்ற வழிகாட்டியை ஏற்றிக்கொண்டு, ஒற்றை இன்ஜின் விமானத்தில் புயலின் கண்ணுக்குள் நுழைந்து திரும்பினார். வேண்டுமென்றே புயலுக்குள் பறந்த முதல் பயணம் அது. இன்று புயல்களுக்குள் விமானம் போய் அழுத்தமும் காற்றும் அளந்து வருகிறதே, அதன் தொடக்கம் இந்தக் கரையில்தான். புயலை ஊகிக்காமல் நேரில் போய்க் கேட்டுவிட்டு வருவது.

ரீட்டா, ஐக், ஹார்வி

2005 ஆகஸ்ட் கடைசியில் கேத்ரினா நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தது. ஊரைவிட்டுப் போக வழியில்லாமல் மாட்டிக்கொண்டவர்கள் மொட்டை மாடிகளில் நின்று கையசைத்ததை நாடே டிவியில் பார்த்தது. மூன்றே வாரத்தில் ரீட்டா ஹூஸ்டனை நோக்கி வருகிறது என்றார்கள். பாடம் தெளிவு: ஓடு. 25 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நேரத்தில் கிளம்பினார்கள். கடலோரத்தில் இருந்தவர்கள் மட்டும் போயிருந்தால் போதும், எல்லோரும் போனார்கள். நூறு மைல் நீளத்துக்கு வண்டிகள் நின்றன. ஏசியை அணைத்துவிட்டு, பெட்ரோல் தீர்ந்து, இருபது மணி நேரத்துக்கும் மேல் வெயிலில். டாலஸ் அருகே முதியோர் இல்லத்திலிருந்து வந்த பேருந்து தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள். ரீட்டா கடைசியில் கிழக்கே விலகி லூசியானா எல்லையில் கரையேறியது. வெளியேற்றத்தில் மட்டும் சுமார் நூறு பேர் இறந்திருந்தார்கள்.

மூன்று வருடம் கழித்து, 2008 செப்டம்பரில், ஐக். அஞ்சல் குறியீட்டு வாரியாக யார் போக வேண்டும், யார் இருக்க வேண்டும் என்று இந்த முறை பிரித்திருந்தார்கள். அது நல்ல பாடம். ஆனால் ஐக் வெறும் கேட்டகரி 2. ரீட்டாவின் அலைச்சலை நினைத்துப் பலர் கடலோரத்திலேயே தங்கிவிட்டார்கள். ஒன்றிரண்டு மாடி வீட்டில் இருப்பவர்களுக்குச் சாவு நிச்சயம் என்று வானிலைத் துறை அப்பட்டமாக எழுத வேண்டிவந்தது. பொலிவர் தீபகற்பத்தில் பதினைந்து அடிக்கும் மேல் தண்ணீர் வந்தது. கில்கிறிஸ்ட் என்ற ஊரில் வரிசையாக இருந்த வீடுகள் போய், ஒரே ஒரு மஞ்சள் வீடு நிற்கும் புகைப்படம் அப்போது உலகம் சுற்றியது. ரீட்டாவில் முந்தைய வீட்டை இழந்த குடும்பம் 14 அடித் தூண்கள்மேல் கட்டிய வீடு அது.

அந்தக் கேட்டகரி எண்ணின் கதையையும் சொல்ல வேண்டும். ஹெர்பர்ட் சாஃபிர் ஒரு பொறியாளர். ராபர்ட் சிம்ப்சன் வானிலையாளர், 1919 புயலில் ஆறு வயதுப் பையனாக அப்பா முதுகில் தொற்றிக்கொண்டு தண்ணீரைக் கடந்தவர். இருவரும் சேர்ந்து 1970-களின் தொடக்கத்தில் ஒன்று முதல் ஐந்து வரை அளவுகோல் செய்தார்கள். எண் காற்றைச் சொல்கிறது. இத்தனையாவது எண் என்றால் இத்தனை அடித் தண்ணீர் என்றும் பக்கத்தில் எழுதியிருந்தார்கள். ஆனால் தண்ணீர் காற்றின் வேகத்தை மட்டும் கேட்டு வருவதில்லை. புயலின் அகலம், கடலடியின் சரிவு, கரையின் வளைவு எல்லாம் சேரும். கிளைன் தவறவிட்ட அதே இடம். ஐக்குக்குப் பிறகு, 2010-ல், அளவுகோலிலிருந்து தண்ணீர்க் கணக்கையே எடுத்துவிட்டார்கள். 2017 முதல் புயல் ஏற்றத்துக்குத் தனி எச்சரிக்கை வருகிறது. ஆனாலும் நாங்கள் டீக்கடை பாணியில் கேட்பது என்னவோ "எத்தனையாவது கேட்டகரியாம்?" என்பதைத்தான்.

2017 ஆகஸ்ட் 25-ல் ஹார்வி வந்தது. ஹூஸ்டன் மேயர் ஊரைக் காலி செய்யச் சொல்லவில்லை. ரீட்டாவின் சாலைகள் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது, எனக்குக்கூட அது சரியான முடிவாகவே படுகிறது. ஹார்வி காற்றாக வந்து மழையாக உட்கார்ந்துகொண்டது. நெடர்லாந்து என்ற ஊரில் 60 அங்குலத்துக்கும் மேல் பெய்தது. டெக்சாஸில் நேரடியாக இறந்தவர்கள் 68 பேர். அதில் கடல் ஏறி வந்து இறந்தவர் ஒருவர்கூட இல்லை. கிட்டத்தட்ட எல்லாம் வானத்திலிருந்து விழுந்த தண்ணீர்.

எங்கள் வீட்டுப் பக்கம் ஆடிக்ஸ், பார்க்கர் என்று இரண்டு மண் அணைகள் உண்டு. 1935 வெள்ளத்தில் ஹூஸ்டன் நகர மையம் மூழ்கிய பிறகு, 1940-களில் கட்டியவை. மழைக்காலம் தவிர மற்ற நாளில் உள்ளே தண்ணீர் இருக்காது, மரமும் புல்லுமாகப் பூங்கா போல இருக்கும். அந்தப் பாடத்தின் வெற்றியே அதற்கு வினையானது. அணை ஊரைக் காப்பாற்றிக் காப்பாற்றி, அது அணை என்பதே மறந்துபோய், அணை நிறைந்தால் தண்ணீர் நிற்கக்கூடிய இடத்திலேயே ஆயிரக்கணக்கான வீடுகள் வந்துவிட்டன. ஹார்வியில் அணைகள் நிறைந்தன. மேலே இருந்த வீடுகளுக்குள் பின்பக்கமாகத் தண்ணீர் ஏறியது. அணையைக் காப்பாற்ற மதகைத் திறந்தபோது கீழே இருந்த வீடுகளும் மூழ்கின.

அப்பாவின் கேள்வி

டிவியில் புயலுக்கு முன்னால் விரியும் அந்தக் கூம்பு வடிவத்தைப் பார்த்திருப்பீர்கள். புயலின் அளவு அது என்று நினைப்பவர்கள் உண்டு. மையம் எங்கே போகக்கூடும் என்பதை மட்டும்தான் அது காட்டுகிறது, அதுவும் மூன்றில் இரண்டு தடவைதான் மையம் கூம்புக்குள் இருக்கும். கூம்பு எவ்வளவு அகலம் என்பதைக் கடைசி ஐந்து வருடக் கணிப்புப் பிழைகளை வைத்து முடிவு செய்கிறார்கள். இதைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். கடைசி ஐந்து வருட வினாத்தாள்! ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அவர்கள் சேர்த்துவைப்பது தங்கள் தவறுகளை. நாங்கள் சேர்த்துவைப்பது, தப்பித்த கதைகளை.

இங்கே அவசர மேலாண்மைக்காரர்கள் சொல்லும் ஒரு வாசகம் உண்டு: தண்ணீரென்றால் ஓடு, காற்றென்றால் ஒளிந்துகொள். எந்தப் புயலின் பெயரும் அதில் இல்லை. அதனாலேயே அது எல்லாப் புயலுக்கும் பொருந்துகிறது. ஆனால் பெரில் அதற்குக் கீழே மூன்றாவது வரி ஒன்றை எழுதியது. ஒளிந்துகொண்ட பிறகு எத்தனை நாள் தாக்குப்பிடிப்பாய்?

ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை இங்கே புயல் பருவம். இப்போதெல்லாம் மே கடைசியிலேயே நாங்கள் தயாராகிவிடுகிறோம். பாஸ்போர்ட்டும் காப்பீட்டுத் தாள்களும் பிளாஸ்டிக் உறையில். குடிதண்ணீர் ஒரு வாரத்துக்கு. புயல் வருகிறது என்றால் காரில் பெட்ரோல், குளியல் தொட்டியில் தண்ணீர். இவை எல்லா வீட்டிலும் நடப்பவைதான். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன், அதில் நாலு கேள்விகள். தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வரும்? கரண்ட் ஒரு வாரம் வராவிட்டால் இந்தத் தெருவில் முதலில் யாருக்கு முடியாமல் போகும்? நாம் கிளம்பினால், நிஜமாகவே கிளம்ப வேண்டியவரின் வழியை அடைக்கிறோமா? யார் சொல்வதை நாம் கேட்காமல் இருக்கிறோம்?

கடைசிக் கேள்வி அப்பாவுக்காக எழுதியது. அவர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூர்க் கரையில் ஏறி, பண்ருட்டிப் பக்கம் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தபோது, விழுந்த போஸ்ட்டுகளை நிமிர்த்த வாரக்கணக்கில் வீட்டுக்கு வராமல் அலைந்தவர். மரமும் கம்பியும் ஒரே தெருவில் இருந்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். என் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருந்த ஹவானா வானாய்வகம் அவர். நான் கம்பியைத் துண்டித்துவிட்டேன்.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் அவரிடம் கேட்டேன். "எப்படிப்பா உங்களுக்கு மட்டும் அந்தக் கேள்வி தோணுச்சு? தானேல பட்ட அனுபவமா?"

பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"அனுபவம் என்னாடா அனுபவம். அந்த ஊரு வேற, இந்த ஊரு வேற. இங்க காத்து எப்பிடி அடிக்கும், மரம் எப்பிடி விழும், எத்தினி ஆளு வேலைக்கு வருவான், எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரியாததாலதான கேட்டேன்?"